இடது பின்கதவு

டாக்டரம்மாவின் கார் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, அறைக்கதவைச் சாத்தாமலேயே பேசினார். திட்டும்போது கதவைச் சாத்துவது அவர் வழக்கமில்லை. திட்டு வாங்குகிறவருக்கு மட்டும் கேட்டால் போதாது என்பது அவருடைய கொள்கை.

"ஆறு மாசம் பாக்கலாம்னுதான் உன்ன எடுத்தேன். அஞ்சு மாசம் ஓடிடுச்சு. ஒரே கார் ஒரே கதவுக்காக மூணாவது தடவ திரும்பி உள்ள வந்துச்சுன்னா, அது வெளிய போறப்ப நீயும் கூடவே போயிடு. புரியுதா?"

"புரியுது சார்."

எங்கள் பிரிவின் வேலை, கதவுக்குள்ளிருந்து வரும் சத்தங்களை நிறுத்துவது. கடகட, டக்டக், கீச்கீச். கார் அதனால் நின்றுவிடாது. ஓட்டுகிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும், அவ்வளவுதான். கதவின் உள்பலகையை நெம்பிக் கழற்றி, ஆடுகிற ஒயரைக் கட்டி, உரசுகிற இடத்தில் துணிப்பட்டை ஒட்டி, திரும்ப மாட்ட வேண்டும். மாட்டுகிறவர் என் சித்தப்பா. ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். வேலை அவர் கை, பழி என் கை.

இருபத்தொரு வருடமாக அந்தப் பட்டறையில் இருக்கிறார். எனக்கு அங்கே வேலை கேட்டதும் அவர்தான். அதைத் தினமும் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதையும் சொல்லுவார். பெருமையாகத்தான் தொடங்குவார். முடிக்கும்போது ஊர் சிரிக்கும்.

"எங்க இஞ்சினியரம்மா ஏழு வயசு வரைக்கும் பாய நனைச்சவ. இப்ப வந்து கார்ல லீக்கேஜ் பாக்குறா!"

எலக்ட்ரீசியனை எல்லோரும் கரண்ட்டு என்று கூப்பிடுவார்கள். அந்த ஆள் இந்த ஜோக்குக்கு ஒவ்வொரு முறையும் புதுசாகக் கேட்பது போல் தொடையைத் தட்டிச் சிரிப்பான். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றாலும் சித்தப்பாவுக்குக் கூச்சமில்லை. நான் டிகிரி வாங்கினது அந்தப் பாயைக் காயவைப்பதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காயவே இல்லை.

எங்களுக்குள் இன்னொரு தகராறும் இருந்தது. உள்பலகையைக் கதவின் இரும்போடு பிடித்து வைப்பவை சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒரு கதவுக்கு ஒன்பது. நெம்பும்போது இரண்டு மூன்று உடையும். உடையாததைச் சித்தப்பா துடைத்துத் திரும்பவும் மாட்டிவிடுவார், மிச்சத்தை ஒரு டின்னில் சேர்த்து வைப்பார். பொறுப்பு என் கைக்கு வந்ததும் நான் போட்ட முதல் சட்டம், கழற்றின கிளிப்பைத் திரும்ப மாட்டக் கூடாது. பழைய கிளிப் ஒன்றைச் சுத்தமாகத் துடைத்து, வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதே அளவில் ஒரு மூட்டை வாங்கிப் போட்டேன்.

சித்தப்பா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கேம்மா."

"புது சாமான் அப்படித்தான் இருக்கும். பழசத் திரும்பப் போடாதன்னு புத்தகத்துலயே இருக்கு."

"அப்ப கிளிப் எதுக்கு? புத்தகத்தையே மாட்டிடு."

கரண்ட்டு தொடையைத் தட்டினான்.

டாக்டரம்மாவின் காரைச் சித்தப்பா மறுபடி கழற்றினார், மாட்டினார், கையைத் துடைத்துக்கொண்டு "முடிஞ்சுது" என்றார். பட்டறைக்குப் பின்னால் சிமெண்ட் பெயர்ந்த சாலை ஒன்று உண்டு. அங்கேதான் ஓட்டிப் பார்ப்போம். நான் ஓட்டினேன். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சத்தம் வரும் இடத்தை அழுத்தினால் சத்தம் நிற்கும். அப்படித்தான் இடத்தைப் பிடிப்பது. நாற்பதைத் தொட்டதும் வந்தது. கீச். கீச். பொறியில் மாட்டின எலி மாதிரி.

"கேக்குதா சித்தப்பா?"

"என்னா?"

"சத்தம்!"

"எங்க சத்தம்? கெணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு வண்டி."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறார், என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. பட்டறைக்கு வந்து காரை நிறுத்தினதும் அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அவர் தலைக்கு நேர் மேலே கதவுக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தேன். கீச்சென்று பல் கூசியது. அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை. மூன்றாவது முறை. பிறகு ஒரு ஸ்பேனரைக் கீழே போட்டேன். சட்டென்று திரும்பினார்.

"கையில என்ன வெண்ணெயா தடவியிருக்க?"

அப்போது விளங்கியது. தடித்த சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கிறது. மெல்லிய சத்தம் செத்துப் போய்விட்டது. கீச்சொலியை நிறுத்தச் சம்பளம் வாங்குகிற ஆளுக்குக் கீச்சொலி கேட்காது.

தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்றால் அது பொய். தோன்றியது. அந்தப் பாயும் கூடவே ஞாபகம் வந்தது.

மறுநாள் டாக்டரம்மா காரை எடுக்க வந்தார். முதலாளியும் இருந்தார். சத்தம் போகவில்லை என்று நானே முதலில் சொன்னேன்.

"நேத்து கதவுல கை வெச்சுக்கிட்டு, சத்தமே இல்லைன்னு சொன்னவர் இவர்தான். ஏன்னு நீங்களே பாருங்க சார். சித்தப்பா, அந்தப் பக்கம் திரும்பிக் கண்ண மூடிக்குங்க. கீச்சுன்னு கேட்டா கையத் தூக்குங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"பத்து தடவ. ஒரு நிமிஷம்."

அவர் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார். பரீட்சைக்கு நிற்கிற பையன் மாதிரி தொடையோடு கையை ஒட்டி வைத்திருந்தார்.

தேய்த்தேன். கீச். டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. மூன்றாவது முறை நான் தேய்க்கவே இல்லை, சும்மா நின்றேன். அவர் கையைத் தூக்கினார்.

முதலில் சிரித்தவன் கரண்ட்டு. அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சரியாகச் சொன்னதற்கான சிரிப்பா, தப்பாகச் சொன்னதற்கா என்று தெரியாமல் தூக்கின கையைப் பாதி இறக்கினார், மறுபடி தூக்கினார். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். முதலாளிக்கு அதற்குள் புரிந்துவிட்டது. நான் பத்தையும் முடித்தேன். ஐந்து முறை தேய்த்தேன், ஐந்து முறை சும்மா நின்றேன். அவர் நான்கு முறை கையைத் தூக்கினார், நான்கும் நான் சும்மா நின்றபோது.

"போதும்மா, பாவம்" என்றார் டாக்டரம்மா. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. என் பாய்க்கு யாரும் பாவம் சொன்னதில்லை.

சித்தப்பா கண்ணைத் திறந்தார். "சளி புடிச்சிருக்கு சார். காதடைப்பு."

"இருபத்தோரு வருஷச் சளியாண்ணே?" என்றான் கரண்ட்டு.

முதலாளி அவரைக் கார் கழுவும் இடத்துக்கு மாற்றினார். கதவை நானே கழற்றி மாட்டுகிறேன் என்று இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். கார் வெளியே போகாததால் அது மூன்றாவது முறையாகக் கணக்காகவில்லை.

நாங்களும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் முன்பகுதி, பின்பகுதி. அன்று சாயங்காலம் சித்தி குழாயடியில் என்னைப் பார்த்ததும் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பா மட்டும் கேட்டார்.

"தனியா கூப்ட்டுச் சொல்லியிருக்கலாமேடி. உன் சொந்தச் சித்தப்பன்."

"அவர் என் பாய்க் கதையத் தனியாவாப்பா சொன்னாரு?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த இடது பின்கதவைக் கழற்றினேன். ஒயர் இறுக்கமாக இருந்தது. பூட்டுக்கம்பியில் பஞ்சு சுற்றியிருந்தது. துணிப்பட்டை மயிரிழை பிசகாமல் ஒட்டியிருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. பலகை இல்லாமல் கதவை ஆட்டினேன், சத்தமில்லை. பலகையை மாட்டி ஆட்டினேன். கீச்.

புதுக் கிளிப் ஒன்றை மட்டும் துளையில் செருகித் திருகிப் பார்த்தேன். கீச். சித்தப்பாவின் டின்னிலிருந்து பழையதை எடுத்துச் செருகித் திருகினேன். சத்தமே இல்லை. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழையதன் கழுத்தில் நூல் மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் வளையம். இரும்போடு பிளாஸ்டிக் உரசாமல் தடுப்பது அதுதான். மாதிரிக்கு அளப்பதற்கு முன்னால் அழுக்கென்று நினைத்து நான் நகத்தால் சுரண்டித் துடைத்து எறிந்ததும் அதுதான். பளபளவென்று துடைத்துவிட்டு, தப்பில்லாமல் அளந்திருக்கிறேன்.

அந்த மூட்டையிலிருந்து பதினாலு கார்களுக்கு மாட்டியிருந்தோம். அவர் "முடிஞ்சுது" என்றதை நம்பி, ஒன்றையும் நாற்பதைத் தொட ஓட்டிப் பார்க்காமலேயே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். கீச்சொலி என்னுடையது. அதைக் கேட்க முடியாமல் போனது மட்டும்தான் அவருடையது. கேட்டிருந்தால் முதல் காரிலேயே பிடித்திருப்பார். பிடித்து, பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தும் இருப்பார்.

டின்னிலிருந்து ஒன்பது நல்ல கிளிப்புகளைப் பொறுக்கி மாட்டினேன். டாக்டரம்மா ஓட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று முதலாளியிடம் சொன்னார். மிச்ச மூட்டையைப் பெயிண்ட் கழிவுகளுக்கு அடியில் அமுக்கி வைத்தேன். வளையம் வைத்த கிளிப்புகளுக்கு ஆர்டர் போட்டேன்.

அடுத்த வாரமே மற்ற கார்கள் திரும்பத் தொடங்கின. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. முதலாளி மூன்று கார்களின் வேலை அட்டைகளையும் என் மேஜையில் போட்டார்.

"எல்லாம் ஒரே கீச்சு. என்ன காரணம்னு எழுதிக் குடு. உன்ன நிரந்தரமாக்குற ஆர்டரும் ரெடி. நாளைக்குக் கையெழுத்துப் போடுறேன்."

அட்டையில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். 'தவறான கிளிப்' என்று எழுதினால் இரண்டே சொல்தான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: 'பொருத்தியவரின் செவித்திறன் குறைபாடு, கவனக்குறைவு.' மூன்று அட்டையிலும் எழுதினேன். எனக்குக் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

முதலாளி படித்துவிட்டு நேராகக் கார் கழுவும் இடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சித்தப்பா முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிவிட்டு ஒரு வேனின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். மோட்டார் இரைந்தது. முதலாளி அதை நிறுத்தச் சொல்லவில்லை.

"இத்தனை வருஷம் இருந்தியேன்னு பாத்தேன். பட்டறை பேரையே கெடுத்துட்ட. இன்னையோட சரி. இனிமே இந்தப் பக்கம் வராத."

சித்தப்பா முகத்தில் தண்ணீர் வழியச் சிரித்தார். அந்தப் பரீட்சைக்கு அப்புறம் யார் எது சொன்னாலும் அந்தச் சிரிப்புதான். பலமாகத் தலையாட்டினார். முதலாளிக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பிப் போய்விட்டார். ஃபியூஸ் ஒன்றைக் கையில் வைத்தபடி நின்ற கரண்ட்டு இந்த முறை சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான்.

சித்தப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"என்னம்மா சொன்னாரு? தண்ணி எரைச்சல்ல ஒண்ணும் வெளங்கல."

"வீட்டுக்குப் போகச் சொன்னாரு."

"இப்பவேவா?"

"இப்பவே."

"இன்னைக்குக் கழுவ வண்டி கம்மியா இருக்கும் போல." பேண்ட்டை இறக்கிவிட்டு உதறினார். அங்கே கிடந்த துணியை எடுத்துப் பிழிந்து ஒழுங்காகக் கம்பியில் போட்டார். பிறகு கொஞ்சம் நல்ல காதை என் பக்கம் திருப்பி, என் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

கரண்ட்டு கேட்டுக்கொண்டிருந்தான். நான் உதட்டை நன்றாக அசைத்து, அவருக்குப் புரியும்படி சொன்னேன்.

"வழக்கம் போலதான் சித்தப்பா. எட்டரைக்கு."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். வாசல் காவலாளி ஏழு மணிக்கே வந்துவிடுவார். சொல்ல வேண்டியதை அவர் சொல்லிக்கொள்ளட்டும். நாளைக்கு நான் எட்டு மணிக்கெல்லாம் உள்ளே போய்விடுவேன்.