கிணற்றடியில் ரோஸ்லின்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ரோஸ்லின் சுடப்பட்டாள். அப்போது அவள் படுக்கையறையில் இருந்தாள். உயிர் எவ்வளவு மிச்சம் என்பது அறைக் கதவுக்கு மேலே பச்சைக் கோடாகத் தெரிந்தது. முன்னறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த அவள் கணவன் சகாயராஜ் அதைப் பார்த்தான். எழுபது இருந்தது.

எழுந்து போய்ப் பார்க்க வழியில்லை. நாகர்கோவிலில் அவர்கள் குடியிருப்பது இரண்டே அறை வீடு. ஆனால் ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் தொடங்கிவிட்டால் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள நடை நாலு கிலோமீட்டர் ஆகிவிடும். வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. "வெள்ளையடிக்கும்போ பாத்துக்கிடலாம்" என்றார்.

ஆட்டத்துக்குள்ளும் வழியில்லை. அங்கே சகாயராஜ் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்றான். ஏணியை அதே அணியின் உமையாள் கிணற்றுப் பக்கம் மேடை போட எடுத்துப் போயிருந்தாள்.

ஆகவே மைக்கில்தான் சொல்ல வேண்டும். ரோஸ்லின் கிணற்றடியில் கிடக்கிறாள், அவ்வளவுதான். அவள் விழுந்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, அந்த மேடையில் அணித்தலைவர் கஜபதி உட்கார்ந்திருந்தார். கைகொடுத்துத் தூக்கினால் பிழைத்துக்கொள்வாள்.

"சார், ரோஸ்லின்..."

"சகாயராஜ் அண்ணே, ஒரு நிமிஷம்" என்றாள் உமையாள். காரைக்குடிக்காரி, அணியின் செயலாளர். "இன்னும் வரவேற்புரையே முடியலை."

"ஆளு விழுந்து கெடக்கு, உமையாள்."

"நிகழ்ச்சி நிரல்ல சேத்தாச்சுண்ணே. ஏழாவதா வருது."

முன்பெல்லாம் இந்த நால்வர் அணியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சில சமயம் ஜெயித்தும் தொலைத்திருக்கிறார்கள். பிறகு அணியின் தகவல் தொடர்பைச் சீர்படுத்த ஒரு குழு அமைத்தார்கள். குழுவிலும் அதே நால்வர்தான். இனி முறையாகப் பேசுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகு ஜெயித்ததில்லை. ஆனால் கூட்டங்கள் பிரமாதமாக நடந்தன.

கஜபதி தலைமையுரைக்கு எழுந்தார். வேலூரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். "எனக்குப் பேச்சு வராதுப்பா" என்று தொடங்கி, களத்தில் சுருக்கமாகப் பேசுவதன் அவசியம் குறித்துப் பதினெட்டு நிமிடம் பேசினார். பச்சைக் கோடு முப்பத்தைந்துக்கு வந்தது.

அடுத்து பொன்னாடை. ஹெட்போன் கம்பி வழியாக ஒன்று வந்து சகாயராஜின் தோளில் விழுந்தது. ஜரிகை குத்தியது.

ரோஸ்லினைச் சுட்டவன் கிணற்றுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நிற்க வைத்துப் பேசுவது அழகில்லை என்று உமையாள் அவனுக்கு நாற்காலி போட்டாள். சிறப்பு விருந்தினர் என்று பட்டியலில் ஏற்றினாள்.

ஒருவழியாக ஏழாவது வந்தது. கோடு இருபதில் இருந்தது.

"அணித்தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே" என்று சகாயராஜ் மூச்சுவிடாமல் சொன்னான். "ரோஸ்லின்..."

"விருந்தினரை விட்டுட்டீகளே அண்ணே."

"பரவால்லைங்க, விடுங்க" என்றான் எதிரி. அவன் முகம் வாடிவிட்டது.

"முதல்லேருந்து ஆரம்பிங்க" என்றாள் உமையாள்.

முதலிலிருந்து ஆரம்பித்தான். எல்லோரையும் விளித்தான். பிறகு சொன்னான்: "ரோஸ்லின் கெணத்தடியில கெடக்கா. யாராவது தூக்குங்க."

கைதட்டல் எழுந்தது. எதிரி எழுந்து நின்றே தட்டினான்.

"இன்னாமா பேசினப்பா!" என்றார் கஜபதி. "அந்தக் கெணத்தடின்னு சொன்ன பாரு, கண்ணு கலங்கிடுச்சி."

"போய்த் தூக்குங்க சார். பத்தடிதான் இருக்கு."

"நன்றியுரை முடியாம தலைவர் மேடைய வுட்டு எறங்கலாமா? நல்லா இருக்காதுப்பா."

நன்றியுரை யார் என்று சகாயராஜ் பட்டியலைப் பார்த்தான். ரோஸ்லின். விழுந்தவர்களுக்கு மைக் கிடைப்பது நன்றி சொல்ல மட்டும்தான். அதுவும் குழுவின் பரிந்துரை. முன்மொழிந்தவன் சகாயராஜ்.

அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நடையைப் பார்த்துக் கத்தினான். "ஏ ரோஸு! தூக்குங்கன்னு மட்டும் சொல்லுட்டி! வேற ஒண்ணும் பேசாத!"

குரல் இரண்டு கிலோமீட்டர் வரை போனது. அங்கே உட்கார்ந்துவிட்டது.

அவன் ஹெட்போனைத் திரும்ப மாட்டியதும் ரோஸ்லின் பேசத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் டம்ளர் வாங்கியவள். கோடு ஒன்பதில் இருக்கும்போது தலைவருக்கு நன்றி சொன்னாள். ஏழில் செயலாளருக்கு. தன் பல அலுவல்களுக்கிடையே வந்திருந்து சுட்டுத்தந்த சிறப்பு விருந்தினருக்கு ஐந்தில். மின்சாரம் தந்தவர்களுக்கும் நாற்காலி போட்டவர்களுக்கும் மூன்றில். யாரையும் விடவில்லை.

"கடைசியா" என்றாள். "எங்க வீட்டுக்காரரு..."

கோடு அணைந்தது.

"அருமையான உரை" என்றார் கஜபதி. பிறகு தொண்டையைச் செருமினார். "நம்ம தங்கச்சிக்காக ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி. எல்லாரும் மைக்க அணைச்சிடுங்க."

அணைத்தார்கள். அணி இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. முதல் முறையாக எல்லாம் துல்லியமாகக் கேட்டது. கிணற்றில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. விருந்தினர் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளுவது கேட்டது. மேடையில் ஒரு குண்டு. இன்னொரு குண்டு. மேடையிலிருந்து ஏணியை உருவித் தொட்டியில் சாய்க்கும் சத்தம். அதில் பூட்ஸ் ஏறும் சத்தம், நிதானமாக, ஒவ்வொரு படியாக. தொட்டியின் உச்சிக்கு வந்து அது சகாயராஜுக்குப் பின்னால் நின்றது.

சகாயராஜ் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு தலை குனிந்தான். இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது.