இரண்டு பேருக்கு உலை

நானூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் சமையல்காரராக இருந்தவரை எல்லோரும் அண்டா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி. அவர் சமைத்த பாத்திரத்தின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்கும் பெருமைதான். உப்பைக் கையால் அள்ளிப் போடுவார், நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையே மனைவியின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"இத்தனை வருஷம் தபால் ஆபீசுக்கும் போய்ட்டு வீட்லயும் நீதானே சமைச்ச. இனிமே இந்த அடுப்பு என்னுது. நீ உக்காரு."

அவளும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். ஆனால் நானூறு பேருக்குப் பழகிய கை இரண்டு பேருக்கு இறங்கி வருமா? கொஞ்சம்தான் என்று போட்ட அரிசி எட்டுப் பேருக்குப் பொங்கியது. முட்டைக்கோஸ் வாங்கினால் முழுசாக நறுக்கியாக வேண்டும். பாதிக் கோஸை எடுத்து வைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

மிஞ்சியது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் போனது. முதல் வாரம் அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். இரண்டாவது வாரம் ஒரு கையால். மூன்றாவது வாரம் வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் தையல் மிஷின் நின்றுவிடும். வீட்டில் ஆள் இல்லையாம்.

அப்புறம் எல்லாம் வாளிக்குத்தான். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எழுபத்திரண்டு படி. அவர் காலையில் ஏழு மணிக்கு நடக்கப் போவார். அந்த நேரம் பார்த்து மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். சமைத்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, நடந்துவிட்டுத் திரும்பியவர் இரண்டாவது மாடித் திருப்பத்துக்குக் கீழேயே நின்றுவிட்டார். மேலே மனைவி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். வாளி கவிழ்ந்து கிடந்தது. எட்டுப் படிகளுக்குச் சோறும் சூப்பும் வழிந்திருந்தன. நடுவில் கிடந்த காரட் துண்டுகளைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரே அளவாக வெட்ட அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் கிடையாது.

"நேத்து வச்சதா இது?"

"நேத்தும் முந்தாநாளும்."

"எத்தனை நாளா இப்படி இறக்குற?"

"நீங்க ரிட்டயர் ஆன மாசத்துலேர்ந்து. முதல்ல கை குடுங்க, எந்திரிக்கணும்."

"ஏன் சொல்லல?"

"ஆசையா செய்றீங்க. எப்படிச் சொல்றது?"

அவளைத் தாங்கலாக மேலே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, திரும்பி வந்து எட்டுப் படியையும் அவரே கழுவித் துடைத்தார். உதவிக்கு வந்த காவல்காரரைத் துணியைத் தொட விடவில்லை.

எலும்பு முறியவில்லை. ஆனாலும் இரண்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். மறுநாள் வாளி அண்டாவின் கைக்கு வந்தது. மாடிக்கு மாடி நின்று கை மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த நாள் அதைப் பரணில் கிடந்த கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார். நாலரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் திரும்பி வரும் தட்டுகளில்கூட ஆளுக்கு இவ்வளவு மிஞ்சியதில்லை. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு பாத்திரம் வாங்கி வந்தார். சின்னப் பாத்திரம் அவரை மதிக்கவில்லை. முதல் நாள் அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் பயந்து பயந்து உப்புப் போட்டதில், போட்டதே தெரியவில்லை. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது எந்த வார்டுக்குச் சமைச்சது?"

"ரத்தக்கொதிப்பு வார்டு," என்றார் அவர், சிரிக்காமல்.

ஒரு வாரத்தில் நாலரைக் கிலோ இரண்டரை ஆனது. அதற்குக் கீழே முள் நகர மாட்டேன் என்றது. வாளியைக் கிளறிப் பார்த்தார். பாதிக்கு மேல் கோஸ். அன்று மத்தியானம் தான் சாப்பிடுவதை விட்டுவிட்டு மனைவியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோஸ் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றது.

"உனக்குக் கோஸ் பிடிக்காதா?"

"பிடிக்கும்னு எப்ப சொன்னேன்?"

"வாரத்துல மூணு நாள் வைக்கிறேனே."

"அதான் மூணு நாளும் மிஞ்சுது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். எந்தக் கட்டிலுக்கு உப்பில்லாமல், எந்தக் கட்டிலுக்குக் கஞ்சி மட்டும் என்று தினமும் காலையில் நர்ஸ் ஒரு சீட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். முகம் பார்க்காத நானூறு பேருடைய வயிறும் அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தாறு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் எவ்வளவு சாப்பிடுவாள் என்பது தெரியவில்லை.

எழுந்துபோய் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார்.

"சோறு?"

"ரெண்டு கரண்டி. ராத்திரின்னா ஒண்ணு."

"சூப்?"

"தண்ணியா இருந்தா ஒரு கிண்ணம்."

"காய்?"

"பீன்ஸ்னா நிறைய சாப்பிடுவேன். நீங்க இதெல்லாம் கேக்கறது இதான் முதல் தடவை."

அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் கை மெல்ல மெல்லப் பணிந்தது. உப்பு இரண்டு விரலுக்குள் அடங்கியது. காரட் தலையும் பீன்ஸ் நுனியும் வெங்காயத்தின் வெளிச்சுற்றும் கொதித்து மறுநாள் சூப்புக்குத் தண்ணீர் ஆயின. காய்ந்துபோன ரொட்டி தூளாகி ஜாடிக்குள் போனது. அதற்கும் உதவாத தோலெல்லாம் பால்கனியில் பழைய பெயின்ட் வாளி மண்ணுக்குள் இறங்கியது. கடைக்குத் துணிப்பையும் எண்ணெய்க்குப் பாட்டிலும் கொண்டுபோனார்.

"என்ன அண்டா சார், ரெண்டே ரெண்டு காரட்டா? வீட்ல விருந்தா?" என்று காய்க்கடைக்காரர் கிண்டல் செய்தார்.

"ஆமா, விருந்துதான். எங்க ரெண்டு பேருக்கும்," என்றார் அண்டா. காரட்டை எண்ணி வாங்குவது அவருக்கு இப்போது கௌரவக் குறைச்சலாகப் படவில்லை.

தராசு முள் இரண்டுக்கு வந்தது, ஒன்றுக்கு வந்தது. ஒரு நாள் அசையவே இல்லை. தராசு கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

மனைவி பழையபடி நடமாட ஆரம்பித்து மூன்று வாரம் இருக்கும். கதவு தட்டும் சத்தம் கேட்டது. குப்பை வண்டிக்காரர் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார்.

"ஒரு வாரமா உங்க வாளி கீழ வரலையே அம்மா. இந்தக் கட்டடத்துலயே கனமான வாளி அதுதான். உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்."

"நல்லாத்தான் இருக்கோம். மூணு வேளையும் சாப்பிடறோம்."

"அப்ப குப்பை?"

"எங்க வீட்டுக்காரரு சமைக்கிறாரு. மிஞ்சாது," என்றாள் அவள். தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரலில் சொன்னாள். பக்கத்து வீட்டு மிஷின் ஒரு நிமிஷம் நின்றது.

அடுப்படியில் அண்டா அசையாமல் நின்றார். வழியனுப்பு விழாவில் மூன்று டாக்டர்கள் மாற்றி மாற்றிப் புகழ்ந்தபோது, எப்போது முடியும் என்றுதான் அவருக்கு இருந்தது. இந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாளியோடு வாசலுக்கு வந்தார். வாளிக்குள் ஒரு பிஸ்கட் உறையும் மருந்துச் சீட்டும் கிடந்தன.

"ஒரு வாரத்துக்கு இவ்வளவுதானாண்ணே?" என்றார் வண்டிக்காரர்.

"நானூறு பேருக்கு யார் வேணா சமைச்சிடலாம் தம்பி. ஒரு கை கூடப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? ரெண்டு பேருக்குச் சமைக்கணும். அதுலதான் இருக்கு தொழில்."

வண்டிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "உள்ள என்ன, பீன்ஸா?"

"பீன்ஸ்தான். ஆனா இன்னிக்கு ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. நாளைக்கு மத்தியானம் வா. எத்தனை கரண்டி சாப்பிடுவேன்னு இப்பவே சொல்லிட்டுப் போ."

வண்டிக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே யோசித்தார். "அஞ்சுண்ணே."

மறுநாள் மூன்று பேரும் கை கழுவ எழுந்தபோது பாத்திரத்தில் ஒரு பருக்கை இல்லை. வண்டிக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார். அண்டா பாத்திரத்தைத் தேய்க்கப் போடவில்லை. அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு மனைவி வந்து பார்க்கட்டும் என்று மேசை நடுவில் அப்படியே வைத்திருந்தார்.