விமானம் போட்ட கோடு

மனைவி வஜீஹாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகுதான் ஷரீஃப் மொட்டைமாடியில் போய் உட்காரத் தொடங்கினார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் அவர் வீடு. கீழே பீரோவுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் அவர் பட்டறை, மேலே குடித்தனம். சாயந்தரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால், பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்கும்வரை அண்ணாந்தே இருப்பார்.

பின்பக்க அறையில் இருந்த தங்கை ஜுவேரியாவுக்கோ வானம்தான் பிழைப்பு. தேனாம்பேட்டையில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் வேலை. செயற்கைக்கோள் எடுத்த படங்களில் எது மேகம், எது விமானம் விட்டுப்போன கோடு என்று பிரித்துக் குறிக்க வேண்டும். இரண்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். அது என்ன வேலை என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் அண்ணன் கூப்பிட்டுக் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"இன்னாமா அந்தக் கோடு? அர மணியா பாத்துக்கினு கீறேன், கலையவே மாட்டேங்குது."

"ப்ளேன் போன தடம்ணே. இன்ஜின் புகையில தண்ணி ஆவி இருக்கும். மேல இருக்கிற குளிர்ல அது உறைஞ்சு பொடிப் பொடி ஐஸா ஆயிடும். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா கலையாது. அப்படியே பரவி மேகமாயிடும்."

"கெடுதலா?"

"கெடுதல்தான்ணே. தரையிலிருந்து மேல போற சூட்டை வெளிய விடாது. நம்ம மேல போர்வை போத்தின மாதிரி. பூமி சூடாகுதுன்னு சொல்றாங்களே, அதுல இதுக்கும் பங்கு இருக்கு. பல பேருக்குத் தெரியறதில்ல. கொஞ்சம் உயரத்தை மாத்தி ஓட்டினாலே பாதிக் கோடு விழாது."

ஷரீஃப் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மடியில் கைப்பேசி இருந்தது. அது பதிவு செய்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, பக்கத்து இருக்கை ஹம்சினி தன் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தாள். "இது உன் குரல்தானே?"

அவள் குரல்தான். 'கெடுதல்தான்ணே. நம்ம மேல போர்வை போத்தின மாதிரி. பல பேருக்குத் தெரியறதில்ல.' அவ்வளவுதான். சூடு என்ற சொல்லே அதில் இல்லை. கைப்பேசித் திரையில், வானத்துக் கோட்டின் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'வானத்திலிருந்து தூவும் விஷம், பெண் விஞ்ஞானி ஒப்புதல்' என்று போட்டிருந்தது. எந்த அலுவலகம் என்றும் யாரோ கண்டுபிடித்துச் சேர்த்திருந்தார்கள்.

மேலதிகாரி ராகவேந்திரன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். குரலில் கோபம் இல்லை. "நீங்க சொன்னதுல தப்பு எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா காலைலேருந்து ஃபோன் ஓயல. விமானக் கம்பெனிக்காரங்க இனிமே தகவல் தர யோசிக்கிறாங்க. கொஞ்ச நாள் நீங்க இந்த வேலைல இல்லாம இருக்கறது நல்லது." கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடி ஏறினாள்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"நீ சொன்னதத்தானே போட்டேன். ஒரு வார்த்த சேக்கல."

"பாதியை எடுத்துட்டீங்களே!"

"எங்க வாட்ஸ்அப் குரூப்ல அவ்ளோ நீளம் யாரும் கேக்க மாட்டாங்க." அவர் முகம் மலர்ந்திருந்தது. "கோயம்புத்தூர்ல ஒருத்தர் கீறாரு ஜுவேரி. அவர் சம்சாரமும் நம்ம வஜீஹா மாதிரிதான், மூச்சு வாங்கி வாங்கியே போயிட்டாங்களாம். தெனம் பேசறாரு. நாலு மாசமா எங்கிட்ட இப்படி யாரு பேசனாங்க?"

"விஷம் இல்லண்ணே அது. முப்பதாயிரம் அடிக்கு மேல இருக்கிற ஐஸு. அண்ணி நுரையீரலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப எதால போனா? படிச்சவ நீ, சொல்லு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கேட்டிருந்தார், வீட்டில் யாராவது பெயிண்ட் வேலை செய்கிறார்களா என்று. அப்போது ஷரீஃப் மருந்து வாங்கப் போயிருந்தார். நாலு மாதமாக அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தவள் இப்போது சொல்லிவிட்டாள். ஸ்ப்ரே, தின்னர், பட்டறைக்கு நேர் மேலே இருந்த படுக்கையறை, பதினாறு வருடம். சொல்லச் சொல்லத் தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஷரீஃப் குனிந்து, நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைச் சுரண்டினார்.

"தெரியும்" என்றார். "அவளே சொன்னாமா. வாட மேல வருது, மூச்சு முட்டுதுன்னு. ஆர்டர் முடியட்டும், வேற எடம் பாக்கறேன்னேன். ரெண்டு வருசமா அதையேதான் சொல்லிக்கினு இருந்தேன்." கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொட்டு ஆறுதல் சொல்ல அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் அவர் பட்டறையைத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து குரூப்புக்குக் குரல் செய்தி அனுப்பினார். நாலைந்து தடவை திணறி, அழித்து, மறுபடி பேசி அனுப்பினார். தன் மனைவி எப்படிச் செத்தாள், தங்கை உண்மையில் என்ன சொன்னாள், தான் எதை வெட்டினார், எல்லாமே அதில் இருந்தது. அறை வாசலில் நின்று ஜுவேரியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குள் அவரைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"அந்தக் கோயம்புத்தூர்க்காரர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"அவருதான் மொதல்ல எழுதனாரு. கம்பெனிக்காரன்கிட்ட எவ்ளோ வாங்கனே, பொண்டாட்டிய வித்துட்டியேன்னு."

வெட்டிய துண்டு மட்டும் சுற்றுவதை நிறுத்தவில்லை. அந்த வாரமே ஆதம்பாக்கத்திலிருந்து சித்தி மகள் தூபா அதை ஜுவேரியாவுக்கே அனுப்பி, மாடியில் குழந்தைத் துணி காயப்போடலாமா என்று கேட்டாள். ஜுவேரியா பொறுமையாக, விளக்கமாகப் பதில் எழுதினாள். தூபா படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.