முதல் வரிக்கு ஆளில்லை

தேர்தல் அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் கெட்டவள் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டபோது அவளுடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது சிவனேஸ்வரிக்கு.

"இந்தப் பத்துக் கையெழுத்தில் ஒன்றுகூடச் செல்லாது. இவர்கள் எல்லாரும் ஏற்கனவே இன்னொரு வேட்பாளருக்குக் கையெழுத்து வைத்துவிட்டார்கள்," என்றாள் அவள். "இது இடைத்தேர்தல். இருப்பது ஓர் இடம். ஒரு வாக்காளர் ஒருவருக்குத்தான் கையெழுத்து வைக்கலாம். முதலில் வந்து சேர்ந்த தாள்தான் செல்லும்."

"பத்துப் பேருமா?"

"பத்துப் பேரும். நாளை மதியத்தோடு மனு வாங்குவது முடிகிறது. அதற்குள் வேறு பத்துப் பேரோடு வாருங்கள். இல்லாவிட்டால் வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் வராது."

அந்த இன்னொரு வேட்பாளர் யார் என்று சிவனேஸ்வரி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஸ்ரீஸ்கந்தராஜா. அவளுடைய சொந்த அக்கா கலாவதியின் புருஷன். தமிழ்ச் சங்கத் தலைவர். மேடையைக் கண்டால் ஏறுவார், ஏறினால் இறங்கமாட்டார். ஒரு வேட்பாளருக்கு ஒரு மனுத் தாள் போதும், பத்துப் பேர் போதும். மனிதர் பத்துத் தாள் நிரப்பிக் கொடுத்திருந்தார். வட்டாரத்துத் தமிழ் ஆண்களில் ஒருவரையும் மிச்சம் விடவில்லை. சட்டப்படி அதில் பிழை ஒன்றும் இல்லையாம். சட்டம் நாசமாய்ப் போக!

லண்டன் ஈஸ்ட் ஹாமில் கட்சிக்கு ஒரு கிளை இருந்தது, அதற்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவள் சிவனேஸ்வரி. மழையில் நனைந்து துண்டுப்பிரசுரம் போட்டவள் அவள். கவுன்சில் வீட்டுக்கும் பெனிபிட் உதவிப் பணத்துக்கும் அலைந்த சனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் அவள். பழைய கவுன்சிலர் செத்துப்போனதும் அடுத்தது சிவனேஸ்வரிதான் என்று எல்லோரும் வாய் நிறையச் சொன்னார்கள். அத்தானும் சொன்னார். சொல்லிவிட்டு, சங்கத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கட்சியில் சேர்த்தார். வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னதும் மண்டபம் முழுக்கக் கை எழும்பியது. கட்சியும் அவரே தன் வேட்பாளர் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டது.

"என்ர வெற்றிக்கு என்ர மச்சாள் சிவனேஸ்வரி பாடுபடுவா," என்று மேடையில் பல்லைக் காட்டினார் அத்தான்.

சிவனேஸ்வரி எழுந்தாள். "அத்தான், நீங்கள் ஒரு கள்ளன்," என்றாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை. பின்வரிசையில் வடைத் தட்டோடு நின்ற கலாவதிக்கும் அது கேட்டது. அன்றைக்கு நின்றதுதான் அக்கா தங்கைக்கிடையே பேச்சு.

கட்சியை உதறிவிட்டுச் சுயேச்சையாக நிற்கிறேன் என்று அவள் கிளம்பியபோது அத்தான் சிரித்தாராம். பிறகு கமுக்கமாய் இந்த வேலை பார்த்திருக்கிறார்.

தேர்தல் அலுவலகம் இருந்த நகர மண்டபத்திலிருந்து அவள் நேரே போனது யோகராஜா வீட்டுக்கு. அவளுடைய தாளில் கையெழுத்து வைத்த பத்துப் பேரில் அவரும் ஒருவர். பெற்றோல் ஸ்ரேசன் ஷிப்ட் முடிந்து வந்து, சோபாவில் காலை நீட்டியிருந்தார்.

"யோகராஜா அண்ணை, அத்தானுக்கும் வைச்சிட்டு எனக்கும் ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

யோகராஜா காலை இழுத்துக்கொண்டார். "வீடு தேடி வந்தனீர், பிள்ளை. முகத்துக்கு நேர ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப என்னைப் பேய்க்காட்டினீங்கள்."

"சீச்சீ, பேய்க்காட்டேல்லை. மரியாதைக்குத்தான் வைச்சனான்."

மரியாதை! கூப்பிட்ட கலியாணம் இரண்டுக்கும் தலையைக் காட்டிவிட்டு வருவதுபோல, கேட்ட இரண்டு பேருக்கும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பத்துப் பேரும் அப்படித்தான். ஒருத்தர் 'ஏலாது' என்று வாய் திறந்திருந்தால் அவள் வேறு வழி பார்த்திருப்பாள். வெள்ளைக்காரன் மூஞ்சியில் அடித்தாற்போல இல்லை என்பான், கதவைச் சாத்துவான். எங்கள் ஆட்கள் தேத்தண்ணி தந்து, சிரித்துக் கதைத்து, வாசல் வரை வந்து வழியனுப்பிக் கழுத்தை அறுப்பார்கள்.

"உங்கட மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ!"

"சத்தம் போடாதையும், பிள்ளை. பக்கத்து வீட்டு வெள்ளையளிட்டக் கேளுமன். பத்துப் பேர் கிடைக்காமலே போயிடும்?"

"கிடைக்கும். பிறகு அத்தான் என்ன சொல்லித் திரிவார் தெரியுமோ? ஒரு தமிழ்ச்சனமும் இவளுக்குக் கையெழுத்து வைக்கேல்லை எண்டு. அதுக்கு நான் நிக்காமலே இருக்கலாம். எங்கட சனம் பத்துப் பேர் எனக்கு வேணும், அண்ணை. இல்லையெண்டால் ஒண்டும் வேண்டாம்."

"எங்கட சனத்தில இனி ஆர் மிச்சம்? எல்லாரும் வைச்சாச்சு."

"நான் வைக்கேல்லை."

சொன்னது யோகராஜாவின் மனைவி றோஸ்மலர். தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் நின்றாள்.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள் அவள். "உங்கட அத்தான் வந்தார், இவரைக் கேட்டார். நீங்கள் வந்தீங்கள். கதவைத் திறந்தது நான். 'அண்ணை நிக்கிறாரோ' எண்டு கேட்டிட்டு என்னைத் தாண்டிப் போனீங்கள்."

சிவனேஸ்வரிக்குச் செவிட்டில் அறைந்தாற்போல இருந்தது. உண்மைதான். சங்கத்துச் சந்தா என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் எங்கள் வழக்கம் வீட்டுக்கு ஒரு கையெழுத்து. அது வீட்டுக்காரனுடைய கையெழுத்து. அத்தானும் அப்படியே வாங்கினார். அவரைக் கள்ளன் என்று கத்திய அவளும் அப்படியே வாங்கினாள். ஒன்பது வருடம் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருந்தவளுக்கு, அதில் ஒவ்வொரு ஆணின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. சே!

"மன்னிச்சுக்கொள்ளும், றோஸ்மலர். இப்ப கேக்கிறன். வைப்பீரோ?"

"மலர், உனக்கேன் உந்த வேலை?" என்றார் யோகராஜா.

"நீங்கள் மரியாதைக்கு வைச்சனீங்கள். நான் விருப்பத்துக்கு வைக்கிறன்." றோஸ்மலர் பேனையை வாங்கினாள். முதல் வரியில் வைத்த பேனையை உடனே எடுத்தாள். "இதில என்ன போட்டிருக்கு?"

"முன்மொழிபவர்."

"ஐயோ, அது வேண்டாம். உங்கட அத்தான்ர கண்ணில முதல்ல நான்தான் படுவன்." அவள் பேனையை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கி, கடைசி வரியில் கையெழுத்து வைத்தாள்.

அன்று மாலை முழுக்க சிவனேஸ்வரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். கதவைத் திறந்த ஆண்களிடம், "உங்களிட்ட இல்லை, அக்காவோட கதைக்க வந்தனான்," என்றாள். ஒருவர் உள்ளே விட மறுத்தார். இன்னொருவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போனார். கனகவல்லி என்பவள் குசினிக் கதவைப் பூட்டிவிட்டு, மாவுக் கையோடு கையெழுத்து வைத்தாள். ஆனால் எல்லோருக்கும் ஒரே பயம். எல்லோரும் தாளின் அடியில் இடம் பிடித்தார்கள், பஸ்ஸில் பின் சீற்றுக்கு அடிபடுகிற பிள்ளைகளைப்போல. தாள் கீழிருந்து மேலே நிரம்பியது. வழிமொழிபவர் வரியில் வைத்தவள் அழுகிற முகத்தோடு வைத்தாள். முதல் வரி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அதற்கு ஆளில்லை. சிவனேஸ்வரி தானே வைக்கவும் வழியில்லை, அவளுடைய வாக்கு பக்கத்து வட்டாரத்தில். அவள் கேட்டவர்கள் எல்லாம் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்கள். மற்றவர்கள் கதவே திறக்கவில்லை. யாரோ தொலைபேசியில் அத்தானுக்குச் செய்தி சொல்லி, அத்தான் வீடு வீடாக மிரட்டல் அனுப்பிவிட்டார் என்பது அடுத்த நாள் காலையில் தெரிந்தது. சங்கத்து மண்டபத்தை இனி உங்கள் வீட்டுக் கலியாணத்துக்குத் தரமாட்டோம் என்றாராம்.

சிவனேஸ்வரி வாக்காளர் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தமிழ்ப் பெண்ணின் பெயர் ஒன்றுதான் மிச்சம். அதைக் கண்டபோது செத்துப்போகலாம் என்றிருந்தது. ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா. கட்சி நிறத்துக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"வாவன், வா. என்ன, ஆள் காணாதோ?" என்றார். "நேரம் போகுது, சிவனேசு. உனக்குக் கையெழுத்து வைக்க எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, எனக்கே வைச்சிட்டன்."

"உங்களிட்ட வரேல்லை. அக்காவிட்ட வந்தனான்."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "கலா! இஞ்ச வாரும்! உம்மட தங்கச்சி பிச்சைக்கு வந்திருக்கிறா!"

கலாவதி குசினியிலிருந்து வந்தாள். தங்கையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"என்ர மனிசனை ஊருக்கு முன்னால கள்ளன் எண்டனீ," என்றாள் சுவரைப் பார்த்து. "இப்ப என்ர வாசல்லயே வந்து நிக்கிறாய். வெக்கம் இல்லையோ உனக்கு?"

"இல்லை," என்றாள் சிவனேஸ்வரி. "வெக்கப்பட எனக்கு இப்ப நேரம் இல்லை. ஒரு கையெழுத்து வேணும், அக்கா. ஏலாதெண்டால் ஏலாது எண்டு முகத்துக்கு நேர சொல்லு. நான் போறன்."

"சொல்லும், கலா," என்றார் அத்தான். "சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தும்."

கலாவதி கையை நீட்டித் தாளை வாங்கினாள். கனகவல்லியின் மாவு ஒட்டிய இடத்தைப் பெருவிரலால் தட்டிவிட்டாள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். கணவர் சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் சத்தம் குறைந்திருந்தது.

"இந்த முன்னறையிலதான் நூறு பேர் இவருக்குக் கையெழுத்து வைச்சவை," என்றாள் கலாவதி. "நூறு பேருக்கும் நான்தான் தேத்தண்ணி ஊத்தினனான். தொண்ணூற்றொன்பது பேரோட ஒரு ஆள் குறைஞ்சு போச்சு. மேல் அறையில வாடகைக்கு இருக்கிற பொடியனை எழுப்பிக்கொண்டு வந்தார். நான் தட்டோட பக்கத்தில நிக்கிறன்! என்னட்டக் கேக்க இவருக்குத் தோன்றேல்லை."

"விசர்க்கதை கதையாதையும், கலா. உமக்கு உதில என்ன தெரியும்? உமக்கு வோட்டு இருக்கோ எண்டே எனக்குத் தெரியாது."

கலாவதி அப்போதுதான் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள். "கவுன்சிலில இருந்து வருசா வருசம் வோட்டுக்குப் பேர் பதியிற பேப்பர் வரும். ஒருநாளாவது அதைத் திறந்து பார்த்தீங்களோ? நிரப்பி அனுப்புறது நான். உங்கட பேரையே நான்தான் அதில எழுதினனான். நான் எழுதியிருக்காட்டில் இண்டைக்கு நீங்கள் எப்பிடித் தேர்தலுக்கு நிப்பீங்கள்?"

அத்தான் சீறினார். "கலா, தாளைக் குடுத்திட்டு உள்ள போம். இல்லாட்டில் நடக்கிறது வேற!"

அவள் தங்கையிடம் திரும்பினாள். "உதை வெளியில ஒட்டுவினமோ?"

"ஓம். தேர்தல் அறிவித்தலில என்ர பேருக்குக் கீழ கையெழுத்து வைச்ச எல்லாற்றை பேரும் வரும். லைப்ரரிச் சுவரில ஒட்டுவினம்."

"எந்த வரி காலியாக் கிடக்கு?"

"முதல் வரி. ஆருக்கும் அது வேண்டாமாம்."

"எனக்கு வேணும்," என்றாள் கலாவதி. சுவரில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்து வைத்தாள். தாளை மடித்துத் தங்கையின் மார்போடு தள்ளினாள். "உனக்காக எண்டு நினையாதை. நீ இவரைக் கள்ளன் எண்டது எனக்கு இன்னும் ஆறேல்லை. போ. இனி இந்த வாசல் மிதியாதை."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. உள்ளே அத்தான் கத்தத் தொடங்கினார். அதற்கு மேலாக அக்காவின் குரல் கேட்டது. அந்தக் குரல் இப்படி உயரும் என்று சிவனேஸ்வரிக்கே தெரியாது. கொஞ்ச நேரம் படியில் நின்றாள். உள்ளே போகவேண்டும்போல இருந்தது. பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு ஓடினாள்.

தேர்தல் அலுவலகத்துக் கண்ணாடிக்காரி பத்துப் பெயரையும் பட்டியலோடு ஒத்துப்பார்த்தாள். "செல்லும்," என்று முத்திரையைக் குத்தினாள். அவள் நிமிர்ந்தபோது சிவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தேர்தல் அறிவித்தல் ஒட்டிய அன்று லைப்ரரிச் சுவரடியில் சங்கத்து ஆண்கள் குவிந்து நின்றார்கள். யோகராஜா தலையைக் குனிந்தபடி விலகி நின்றார். மற்றவர்கள் ஒருவரையொருவர் இடித்து, மறுபடி மறுபடி ஒரே இடத்தை வாசித்தார்கள். இந்த நாட்டுப் பட்டியலில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். எங்கள் பெண்களுக்குக் குடும்பப் பெயர் புருஷனின் பெயர். சிவனேஸ்வரிக்கு முன்மொழிபவர் என்ற இடத்தில் அச்சடித்திருந்தது இதுதான்: ஸ்ரீஸ்கந்தராஜா, கலாவதி.

யாரோ ஒருவன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான்.

கலாவதியும் வந்திருந்தாள், கையில் மரக்கறிப் பையோடு. ஆண்கள் வழி விட்டார்கள். தங்கை பக்கத்தில் நின்றதை அவள் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சுவர் அருகே போய், மூக்குப் படுகிற தூரத்தில் நின்று தன் பெயரை வாசித்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.