ஆறு பட்டன், எதிர்க்கடை

சட்டையில் ஆறு காஜாவும் கச்சிதமாக எடுத்திருந்தது. பட்டன்தான் ஒன்றுகூட இல்லை. மகள் அதை இரண்டு முறை உதறிப் பார்த்தாள். உதறினால் பட்டன் முளைக்குமா?

அப்பா குளித்து முடித்த பிள்ளை மாதிரி, பனியனோடு கட்டிலில் படுத்திருந்தார். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். 'செத்தப்புறம் எவனும் எனக்குத் தொளதொளன்னு தச்சுடக்கூடாது' என்று தன் கடைசிச் சட்டையைப் போன வருடமே தானே தைத்துப் பெட்டியில் வைத்தவர்.

"ஊருக்கெல்லாம் தச்சவன் தனக்குப் பட்டன் வைக்க மறந்துட்டான் பாரு," என்றாள் அத்தை. அவரைவிட மூத்தவள். அழுது முடித்து இரண்டாவது டீயில் இருந்தாள்.

காலரில் குண்டூசியால் ஒரு சீட்டு குத்தியிருந்தது. எல்லாத் துணியிலும் குத்துவார்: அளவு, கொடுக்கும் தேதி, பட்டன் நிறம். இதில் தேதி காலி. அதற்குக் கீழே கோணல் எழுத்தில், 'பட்டன் எதிர்க்கடை'.

அத்தை டீயைக் கீழே வைத்தாள். "போற வழியிலயும் குசும்பு போகலியே இவனுக்கு!"

நாற்பது வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், எதிர்க்கடைக்காரர் தன் பட்டன் பெட்டிகளுக்கு நடுவே குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். குத்தியது யார் என்று இன்றுவரை தெரியாது. மேஜையில் அப்பாவின் கத்தரிக்கோல் கிடந்தது. காலையில் நூல் நிறம் பார்க்கப் போனபோது மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். அதில் ரத்தமில்லை. போலீஸ்காரர்கள் மூன்று நாள் விசாரித்துவிட்டுக் கத்தரியையும் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் வாய்தான் விடவில்லை. கடைக்காரரின் மனைவியோ இவர்தான் என்றும் சொல்லவில்லை, இவரில்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பட்டன் வாங்க அப்பா பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினார். "பத்தடி ரோட்டத் தாண்ட நான் செத்தாத்தான் முடியும் போல," என்று சிரிப்பார்.

மகள் தெருவில் இறங்கினாள். பத்தடிதான். இப்போது கடையை நடத்தும் அந்த மனைவி பட்டன் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்பா அந்தப் பழியைச் சுமந்துகொண்டே போகவேண்டியதுதான்.

புருஷன் செத்ததிலிருந்து கடைக்காரம்மா கடையை ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விடமாட்டாள். தண்ணீர் பிடிக்கப் போனாலும் மூன்று பூட்டு. இப்போதும் பூட்டுகளை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? மகள் கூப்பிட்டதே இல்லை.

"பெரியம்மா... அப்பா சட்டைக்குப் பட்டன் வேணும். ஆறு."

சீட்டை நீட்டினாள். கடைக்காரம்மா கண்ணாடி மாட்டிப் படித்தாள். இரண்டே வார்த்தைதான், ரொம்ப நேரம் படித்தாள்.

"என்ன கலர் சட்டை?"

"வெள்ளை."

"வெள்ளையில பன்னண்டு வெள்ளை இருக்கு. துணியப் பாக்காம பட்டன் கேக்கறியே, நீயெல்லாம் தையக்காரர் பொண்ணா?"

ஒரு பெட்டியை இடுக்கிக்கொண்டு அவளே தெருவில் இறங்கிவிட்டாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் அத்தை நகர்ந்து கட்டிலோரம் இடம் விட்டாள். கடைக்காரம்மா அங்கே உட்கார்ந்து, துணியோடு பட்டனை ஒட்டி ஒட்டிப் பார்த்து, ஆறையும் தன் கையாலேயே தைத்தாள்.

"கத்தரி குடும்மா."

மகள் தயங்கினாள். வீட்டில் இருந்தது போலீஸ் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு கத்தரிதான். கொடுத்தாள்.

கடைக்காரம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலையில நானும் கடையிலதான் இருந்தேன். இத அவரு மறந்துட்டுப் போறதப் பாத்தேன். அப்புறமா குடுத்துக்கலாம்னு வீட்டுக்குச் சமைக்கப் போயிட்டேன்." நூலை நறுக்கினாள். "யாரும் என்னைக் கேக்கல. நானும் சொல்லல."

அடுப்பில் டீ கொதித்து வழிந்தது. மகள் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள்.

"இத அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா," என்றாள் அத்தை, "என் தம்பி நாப்பது வருஷம் அந்த ஓட்டை பஸ்ல குலுங்கியிருக்க வேண்டாம்."

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூவருமாகச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அளவெடுத்தமாதிரி இருந்தது. எடுத்ததுதானே.

"மேல் பட்டன விட்டுடு," என்றாள் கடைக்காரம்மா. "கழுத்தப் பிடிச்சா அவருக்குப் பிடிக்காது."

மகள் பட்டனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு அப்பால் எதிர்க்கடை விரியத் திறந்து கிடந்தது. மேஜைமேல் மூன்று பூட்டு. ஆள் இல்லை.