பதிவாகாத நாற்பத்தொரு நாட்கள்

நீல விளக்கு இமைக்கிறது, பீரோவின் மேல் பிஸ்கட் டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஸ்டூலில் ஏறி நின்று அதன் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு வயரைச் செருகிக்கொண்டிருக்கிறாள் செண்பகவல்லி, இது என்ன செய்யும் வல்லி என்று ஸ்டூலைப் பிடித்தபடி நான் கேட்கிறேன், நீங்க கம்ப்யூட்டர்ல போடுதது எல்லாத்துக்கும் தினம் சாயந்திரம் அஞ்சு மணிக்கு இன்னொரு பிரதி எடுத்து வச்சிக்கிடும் என்கிறாள், அப்ப நான் எதுவும் செய்ய வேண்டாமா என்கிறேன், ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும், அது உங்களுக்கு நல்லா வருமே சார்வாள் என்று மேலிருந்தே சிரிக்கிறாள், சிரிக்கும்போது ஸ்டூல் ஆடுகிறது, நான் ஸ்டூலை விட்டுவிட்டு அவள் கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறேன், விடுங்க, பூரணி வந்திரப் போறா என்கிறாள், பூரணி கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது, விடுதியில் இருக்கிற மகள் எப்படி வருவாள் என்று நான் கேட்கவில்லை, வல்லியும் விடுங்க என்று இரண்டாம் முறை சொல்லவில்லை. அது இரண்டு வருடத்துக்கு முன்பு, அவள் புனேவுக்கு ரயிலேறுவதற்கு முந்தின வாரம், வங்கியின் கணினிப் பிரிவில் பதவி உயர்வோடு வந்த மாறுதல், பாளையங்கோட்டையில் என் பள்ளிக்கூடமும் தாவரவியல் வகுப்பும் நானும், அங்கே அவளும்.

இப்போது அதே ஸ்டூலில் நான் நிற்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ஸ்டூலைப் பிடிக்க ஆளில்லை, காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிய போனில் புனேயிலிருந்து வல்லி, லைட் எரியுதா என்கிறாள், எரியுது, என்ன கலர்ல, நீலம், இமைக்குதா நின்னு எரியுதா, இமைக்குது, சரி, அதை ஒரு தடவ அணைச்சிட்டு நிதானமா நூறு எண்ணிட்டுப் போடுங்க என்கிறாள், நான் எண்ணுகிறேன், நாற்பதிலேயே போட்டுவிட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, நூறுன்னா நூறு எண்ணணும், பிள்ளைகளுக்கு மார்க் போடுத மாதிரி அள்ளிவிடக் கூடாது என்கிறாள், நான் மறுபடி அணைத்து, மறுபடி எண்ணுகிறேன், அந்த நூறுக்குள் அவள் மூச்சு விடுவதும் அவள் வீட்டு ஜன்னலில் புறா ஒன்று குனுகுவதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அந்தப் புறாவை எனக்குத் தெரியும், போன கோடை விடுமுறையில் பத்து நாள் போயிருந்தபோது தினமும் பார்த்தேன், ஒற்றை அறையும் சின்ன அடுப்படியும் உள்ள வீடு, ஒரே ஒரு டம்ளர், நான் போனதும் கடைக்கு ஓடி இன்னொன்று வாங்கினாள், அந்த இரண்டாவது டம்ளரை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்க ஆசை, கேட்டதில்லை, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, போட்டுட்டேன் வல்லி.

வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் பழையபடியே சொல்கிறது, காப்புப் பிரதி எடுக்க முடியவில்லை, சேமிப்பிடம் காணப்படவில்லை, எனக்காகவே அவள் எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்தாள், அதற்குக் கீழே இரண்டு கட்டம், இப்போதே சரிபார், பிறகு நினைவூட்டு, எத்தன நாளா இப்படிச் சொல்லுது என்கிறாள், கொஞ்ச நாளா, கொஞ்ச நாள்னா, ஒரு வாரம் பத்து நாள் இருக்கும் என்று இழுக்கிறேன், அவள் அங்கிருந்தே என் திரைக்குள் வருகிறாள், அதற்கு ஒரு எண்ணை நான் படித்துச் சொல்ல வேண்டும், ஒன்பது இலக்கம், படித்துச் சொன்னதும் நான் தொடாமலேயே அம்புக்குறி நகர்கிறது, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்துக்கொள்ளும், மேசையில் அவள் கை இல்லை, ஆனாலும் அவள் கைதான், ஒரு கோப்பின் மேல் கொஞ்சம் தயங்கி, பிறகு சரேலென்று ஓரத்துக்குப் போகிற அந்தப் போக்கு, முறுக்கு சுடும்போது அவள் கை போகிற போக்கேதான், நான் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், விருந்தாளி வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதுபோல. நாப்பத்தோரு நாள் என்கிறாள் வல்லி. கடைசியாப் பிரதி எடுத்து நாப்பத்தோரு நாள் ஆச்சு, தினம் அஞ்சு மணிக்கு அது கேட்டிருக்கு, தினம் நீங்க பிறகு பிறகுன்னு அமுக்கியிருக்கீங்க, நாப்பத்தோரு பிறகு. ஏன் அப்பவே எங்கிட்டச் சொல்லல என்கிறாள், நீ அங்க ஆயிரம் வேலையில இருப்ப, இதுக்குப் போயி என்கிறேன், அம்பு அசையாமல் நிற்கிறது.

சொல்லாமல் இருந்ததற்கு வேலைதான் காரணம் என்று சொன்னது பாதிதான் உண்மை, பெட்டியைப் பற்றிப் பேசினால் பேச்சு இன்னொன்றில் போய் நிற்கும் என்பது மீதி. போன மாதம் அவளுடைய மேலதிகாரி கேட்டிருக்கிறார், இன்னும் மூன்று வருடம் இங்கேயே இருந்தால் பிரிவுக்கே நீங்கள்தான் தலைமை, இல்லையென்றால் விருப்பம்போல் திருநெல்வேலிப் பக்கமே அனுப்பிவிடுகிறோம், ஆனால் அது சாதாரணக் கிளை வேலை, நாளைத் திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும், அவள் போனில் கேட்டாள், நீங்க என்ன சொல்லுதீங்க, நான் உன் இஷ்டம் என்றேன், நாலு நாள் கழித்து மறுபடி கேட்டாள், மறுபடி உன் இஷ்டம் என்றேன், உங்களுக்குன்னு ஒரு இஷ்டம் கெடையாதா என்று கேட்டுவிட்டு அவள் பேச்சைப் பூரணியின் பரீட்சைக்கு மாற்றிவிட்டாள். இருக்கிறது. அவள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதல்ல அது, வங்கியின் சர்வர் நின்றுபோன ஒரு நாள் எட்டுப் பேர் சுற்றி நிற்க நடுவில் அவள் உட்கார்ந்து சரிசெய்ததை அந்தப் பத்து நாளில் ஒருமுறை அவள் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், அந்த முகத்தைக் கிளை கவுன்ட்டருக்குக் கூப்பிட என்னால் முடியாது, என் இஷ்டம் வேறு, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆசிரியர் அறையில் சங்கரபாண்டியனிடம் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, சம்பளமில்லா விடுப்பு ஒரு வருடம் எடுக்க என்ன விதி என்று கேட்டேன், எதுக்கு வே என்றார், சும்மாதான், வீட்டம்மா பின்னாலயே போறதுக்கா, போயி என்ன செய்யப் போறீரு, அவ ஆபீசுக்குப் போனதும் கொத்தமல்லி ஆயப் போறீரா என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கொத்தமல்லி ஆய்வது எனக்குப் பிடித்த வேலை என்று அங்கே சொல்ல முடியவில்லை. சங்கரபாண்டியன்கூடப் பெரிதில்லை, பயம் வேறொன்று, அந்த ஒற்றை அறையில் அவள் தனக்கென்று ஒரு வாழ்க்கையை நேர்த்தியாக அடுக்கி வைத்திருக்கிறாள், காலை நடை, பக்கத்து வீட்டு மராத்திக்காரியோடு தேநீர், ஞாயிறுதோறும் நூலகம், அதில் நான் போய் உட்கார இடம் இருக்கிறதா, வாங்க என்று இரண்டு வருடத்தில் ஒருமுறை அவள் கேட்டிருந்தால், ஆனால் அவள் ஏன் கேட்பாள், ஜங்ஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன், நீ நிம்மதியாப் போ என்று திரும்பத் திரும்பச் சொன்னவன் நான்தானே.

என்னங்க, இருக்கீங்களா என்கிறாள். இருக்கேன். பெட்டிக்கு உயிர் இருக்கு, ஆனா அது வேற விலாசத்துல இருக்கு என்கிறாள், உங்க கம்ப்யூட்டர் தினம் பழைய வீட்டுக் கதவத் தட்டிட்டு ஆளில்லன்னு திரும்பி வந்திருக்கு, இது தானா மாறாது, பின்னால வயர் எந்த ஓட்டைல இருக்குன்னு பாருங்க, நான் மறுபடி ஸ்டூலில் ஏறுகிறேன், ரெண்டு ஓட்டை இருக்கு, இடதா வலதா, வலது, நான் இடதுலல்லா போட்டேன் என்கிறாள், யாரு மாத்துனா, எனக்குத் தெரியலியே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன், சரஸ்வதி பூஜை, நினைவு வந்துவிட்டது, அன்றைக்குக் காலையில் போன் செய்து, நான் இல்லைன்னு விட்டுராதீங்க, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைங்க, அந்தப் பெட்டிக்கும் சேத்து என்று சொன்னாள், நான் சைக்கிளைக் கழுவினேன், நுண்ணோக்கியைத் துடைத்தேன், பெட்டியை எல்லா வயரையும் கழற்றிக் கீழே இறக்கி ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்துப் பாடப் புத்தகங்களோடு சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினேன், மறுநாள் எடுத்து மாட்டும்போது இருந்த ஓட்டையில் செருகினேன், நீதான வல்லி பொட்டு வைக்கச் சொன்ன என்கிறேன், பொட்டு வைக்கத்தான சொன்னேன், குளிப்பாட்டவா சொன்னேன் என்கிறாள், சிரிப்பு அடக்க முடியாமல் வருகிறது அவளுக்கு, புறா பறந்து போகிறது, காற்றுப் போகிற இடத்துல சந்தனத்த அப்பி வைக்கலியே, லேசா வச்சேன், லேசான்னா, ஓட்டை அடையிற அளவுக்கு இல்ல, அவள் சிரிக்கிறாள், நானும் ஸ்டூலில் நின்று சிரிக்கிறேன், வயரைப் பிடுங்கி இடது ஓட்டையில் செருகுகிறேன், டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

கீழே இறங்கி வந்து பார்த்தால் திரையில் பச்சைப் பட்டை மெல்ல நீள ஆரம்பித்திருக்கிறது. இந்தப் பெட்டியை அவள் வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு, பூரணிக்கு ஐந்து வயதிருக்கும்போது பழைய கம்ப்யூட்டரின் வட்டு ஒருநாள் கரகரவென்று இரைந்து செத்துப்போனது, பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதற்குள், மதுரைவரை கொண்டுபோய்க் கொடுத்ததில் மூன்றே படம் திரும்பி வந்தது, அதில் ஒன்று குழந்தையின் முழங்கால் மட்டும், வல்லி அன்றைக்குச் சாப்பிடவில்லை, பிரிண்ட் போட்ட அந்த முழங்காலை மடியில் வைத்துக்கொண்டு, இனிமே நம்ம வீட்டுல எதுவும் ஒத்த எடத்துல மட்டும் இருக்கக் கூடாதுங்க என்றாள், நான் சரி என்றேன், அதிலிருந்து எல்லாவற்றுக்கும் அவளே பிரதி எடுத்து வந்தாள், புனேவுக்குப் போகும்போது அந்த வேலைக்கு இந்தப் பெட்டி, அவள் அழுகை எனக்கு இப்போதும் கேட்கிறது, இல்லை, அது போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது, சிரித்ததில் வந்த கண்ணீராக இருக்கும். நாற்பத்தொரு நாளில் சேர்ந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது, போகிற கோப்பின் பெயர் திரையில் ஓடுகிறது, நான் எடுத்த படங்கள், பள்ளித் தாள்கள், அவள் அங்கிருந்து படிக்கிறாள், ஆத்தங்கரை நீர்மருது, நல்லாருக்கே, பன்னிரண்டாம் வகுப்பு மாதத் தேர்வு, வல்லி அனுப்பிய புடவைப் படம், இதயுமா சேத்து வச்சிருக்கீங்க, ஏன் வைக்கக் கூடாதா என்கிறேன், கரண்ட் கம்பித் தூக்கணாங்குருவி, விடுப்பு விண்ணப்பம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்படி மறந்தேன், வினாத்தாள் என்று பெயரிட்ட கோப்புறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன், சங்கரபாண்டியன் சிரித்த அன்று ஒன்று, அவள் இரண்டாம் முறை கேட்ட அன்று ஒன்று, ஒவ்வொன்றும் தலைமையாசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கிக் காரணம் என்கிற இடத்தில் நின்றுபோனது, பெட்டி தினம் ஒழுங்காக ஓடியிருந்தால் அவள் பார்த்திருக்கவே மாட்டாள், இன்றைக்கு எல்லாம் மொத்தமாக வரிசையில் போகிறது, விடுப்பு விண்ணப்பம் புதியது, அவள் குரல் மெதுவாகிறது, விடுப்பு விண்ணப்பம் சரியானது, விடுப்பு விண்ணப்பம் ஒரு வருடம், விடுப்பு விண்ணப்பம் ஒரு வருடம் கடைசி. அம்பு எழுந்து வந்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு வருசம் எதுக்கு லீவு என்கிறாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்கிறேன். என்னங்க, உடம்புக்கு என்னமும் செய்யுதா, அவள் குரல் இப்போது அவள் குரலாகவே இல்லை, டாக்டர் ஏதும் சொன்னாரா, அதத்தான் ஒரு மாசமா மறைக்கீங்களா, உன் இஷ்டம் உன் இஷ்டம்னு சொன்னது அதுக்குத்தானா, இன்னைக்குச் சாயந்திரமே ரயிலேறுதேன், இல்ல வல்லி, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, சத்தியமா ஒண்ணும் இல்ல என்கிறேன், அப்ப என்ன, சொல்லுங்க, நான் அதத் தெறந்து பாக்க மாட்டேன், நீங்க சொல்லணும் என்கிறாள். மேசையின் மேல் என் கை இருக்கிறது, திரையில் அவள் கை இருக்கிறது, அம்பு லேசாக நடுங்குகிறது, புனேயில் ஒரு விரல் நடுங்கினால் பாளையங்கோட்டையில் தெரிகிறது, மழை மறுபடி பிடித்துக்கொள்கிறது, நேற்றும் முந்தாநாளும் அதற்கு முந்தைய நாளும் இதே நாற்காலியில் உட்கார்ந்து காரணம் என்கிற இடத்தில் எழுத முடியாமல் போனதை, தோளில் செருகியிருந்த போனைக் கையில் எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டு சொல்கிறேன், எனக்கே என் குரல் முதல்முறையாகக் கேட்பதுபோல் இருக்கிறது, நீ அங்கயே இரு வல்லி, அந்த மூணு வருசத்துக்குச் சரின்னு எழுதிப் போடு, நான் லீவு போட்டுட்டு அங்க வந்து உங்கூட இருக்கட்டுமா.