மேடு பள்ளம் பார்க்கும் கருவி

தொலைநோக்கிக்குள் வைக்கிற கண்ணாடியில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று அளக்க, நானே ஒரு கருவி செய்திருந்தேன். ஒரு குட்டி பல்பு, அதன் முன்னால் ஊசித் துளை, ஒரு சவர பிளேடு, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்த ஒரு திருகு. அவ்வளவுதான். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை பிளேடு வெட்டும்போது, கைக்குக்கூடத் தட்டுப்படாத மேடு நிழலாக எழும்பி நிற்கும்.

இப்போது என் கண் மங்கிவிட்டது. விற்கிறேன் என்று விளம்பரம் கொடுத்தேன். ‘நேரில் வந்து பார்த்தே வாங்கவும்’ என்று போட்டது வேண்டுமென்றேதான். இந்த வீட்டில் அழைப்பு மணி அடித்து எத்தனை காலமாயிற்று! கருவி போனால் போகட்டும், அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. சொல்லிக் கொடுக்கிற சாக்கில் வாராவாரம் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்வரலாம் என்று மனக்கோட்டை வேறு.

வந்தவர் தொலைநோக்கி செய்கிறவர். தூக்க ஒத்தாசைக்கு மச்சானையும் கூட்டி வந்திருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காற்று அசைந்தால் நிழலும் அசையும் என்பதால் ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். அவரைக் கருவிக்குப் பின்னால் உட்காரவைத்து, எதிர்ச் சுவரோரம் இருந்த கண்ணாடிவரை நடந்து நடந்து விளக்கினேன். மச்சானும் கூடவே வந்து ஏதேதோ கேட்டார். கேட்கட்டுமே! நானும் வாய் ஓயாமல் சொன்னேன்.

“அண்ணே, நிழல் கொதிக்கிற தண்ணி மாதிரி ஆடுது. அளவே எடுக்க முடியல,” என்றார் வாங்க வந்தவர்.

“அதெல்லாம் ஆடாது! கண்ணைக் கசக்கிட்டுப் பாருங்க,” என்று எரிந்து விழுந்தேன்.

நானும் குனிந்து பார்த்தேன். ஆடியது. மானம் போயிற்று.

“டீ குடிச்சதுதான் மிச்சம், கிளம்பலாம்,” என்றார் மச்சான்.

வாங்க வந்தவர் கொஞ்சம் யோசித்தார். “நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க, நான் ஒரு தடவை பாக்கறேன்.”

என் அறையிலிருந்து என்னையே! முணுமுணுத்தபடி வெளியே நின்றேன். கதவு திறந்தபோது அவருக்கு முகமெல்லாம் பல்.

“அண்ணே, கல்லு மாதிரி நிக்குது! உங்க ரெண்டு பேர் உடம்புச் சூடும் மூச்சும்தான் காத்தைக் கலைச்சிருக்கு. ஃபேனை நிறுத்தினீங்க, ஆளை மறந்துட்டீங்களே. இத்தனை வருஷமா இது தெரியாமலா போச்சு? பக்கத்துல யாரும் நின்னு பாத்ததே இல்லையா?”

“ஏன் இல்லாம? நிறையப் பேர் வருவாங்க,” என்று கூசாமல் புளுகினேன்.

பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். இருவருமாகக் கருவியை அலுங்காமல் குலுங்காமல் தூக்கி வண்டியில் வைத்தார்கள். வண்டியைக் கிளப்பும்போது ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, வேணும்னா வாராவாரம் வந்து கூட நின்னு சொல்லித் தரேன்.”

“உங்களுக்கு எதுக்குண்ணே வீண் சிரமம்? கிட்டத்துல ஆள் இல்லாம இருந்தாத்தான் இது ஒழுங்கா வேலை செய்யும்னு தெரிஞ்சுபோச்சே,” என்று சிரித்தார்.

“ஆமா, ஆமா,” என்று நானும் சிரித்துத் தொலைத்தேன்.